தீர்மானங்களின் எல்லை அறிந்தவர்

ஐ.நா. பொதுச் சபை எண்பது அமர்வுகளைக் கண்டுவிட்டது. அதன் தலைவர் இருக்கையில் இதுவரை அமர்ந்த பெண்கள் ஐவர் மட்டுமே. முதலாமவர் 1953-இல் அப்பொறுப்பை ஏற்ற விஜயலட்சுமி பண்டிட் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். இரண்டாவது பெண்ணுக்காக அந்த இருக்கை பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது. 1969 செப்டம்பரில் அதில் அமர்ந்தவர் லைபீரியாவைச் சேர்ந்த ஏஞ்சி எலிசபெத் புரூக்ஸ். ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் அந்த இடத்தை அடைந்தது அந்த ஒரு முறைதான்.

இந்தப் பெயர் இன்று பரவலாக நினைவில் இல்லாததற்குக் காரணம் உண்டு. அமைதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் போர்நிறுத்த ஒப்பந்தங்களையும் பரிசு பெற்றவர்களையும் தேடிச் செல்கிறார்கள். ஏஞ்சி புரூக்ஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழு அறைகளில் கழித்தவர். மனுதாரர்களின் குறைகளைக் கேட்பது, காலனிகளின் ஆட்சிப் பொறுப்பு சண்டையின்றிக் கைமாற வழி தேடுவது, வரைவுகளைத் திருத்துவது ஆகியவையே அவர் பணி. ஆப்பிரிக்காவின் பல நாடுகள் துப்பாக்கிச் சத்தம் இன்றிச் சுதந்திரம் அடைந்ததில் அந்த அறைகளுக்கும் பங்கு உண்டு. அங்கே நேர்ந்த தோல்விகளின் விலையும் பெரிது.

1928 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவை அடுத்த வர்ஜீனியா என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவப் போதகர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். வறுமையின் காரணமாக, தலைநகரில் தையல் தொழில் செய்து வாழ்ந்த ஒரு கைம்பெண்ணிடம் அவர் வளர்ப்பு மகளாக ஒப்படைக்கப்பட்டார். பதினோரு வயதில் தாமாகவே தட்டச்சுக் கற்றுக்கொண்டு, சட்ட ஆவணங்களைப் படியெடுத்துப் பள்ளிச் செலவுக்குப் பணம் ஈட்டினார். பதினான்கு வயதில் திருமணம். இரு மகன்களுக்குத் தாயான பின் அந்த மணவாழ்வு முறிந்தது. நீதித்துறையில் சுருக்கெழுத்துப் பணி கிடைத்தது. பிறர் வாதங்களைக் குறித்துக்கொண்டே இருந்தவருக்குத் தாமும் வாதிட வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

அன்றைய லைபீரியாவில் சட்டக் கல்லூரி கிடையாது. மூத்த வழக்குரைஞர் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்வதே வழி. கிளாரன்ஸ் சிம்ப்சன் என்பவரிடம் அவர் சேர்ந்தார். பெண் ஒருவர் வழக்காடுவதைப் பார்த்துப் பழகாத நீதிமன்றத்தில் ஏளனச் சிரிப்புதான் அவரை முதலில் வரவேற்றது. வெளிநாட்டில் முறையாகச் சட்டம் படிக்காமல் இந்தச் சிரிப்பை அடக்க முடியாது என்று அவர் முடிவு செய்தார். அதிபர் வில்லியம் டப்மன் உதவினார். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஷா பல்கலைக்கழகத்தில் 1949-இல் பட்டம் பெற்றார். பாத்திரம் துலக்கியும் துணி வெளுத்தும் நூலகத்தில் உதவியாளராக இருந்தும்தான் அந்தப் படிப்பை முடித்தார். பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சட்டமும் அரசியல் அறிவியலும், லண்டனில் பன்னாட்டுச் சட்டமும் பயின்றார். 1953-இல் நாடு திரும்பியதும் உச்சநீதிமன்றத்தில் வழக்காடும் தகுதி பெற்று, அரசின் துணைத் தலைமை வழக்குரைஞராகவும் ஆனார். லைபீரியப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கியபோது அங்கு பாடமும் நடத்தினார்.

தூதரகப் பணி அவர் தேடிச் சென்றதன்று. 1954-இல் ஐ.நா.வுக்குச் செல்லவிருந்த லைபீரியக் குழுவில் கடைசி நேரத்தில் ஓரிடம் காலியானது. அதை நிரப்ப அனுப்பப்பட்டவர், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் நியூயார்க் சென்றுகொண்டிருந்தார். 1958 முதல் வெளியுறவுத் துறையில் துணை அமைச்சர் நிலையிலான பொறுப்பும் அவரிடம் இருந்தது.

அவர் முதன்முறை ஐ.நா.வுக்குள் நுழைந்த ஆண்டின் நிலையைக் கவனிக்க வேண்டும். அப்போது அங்கிருந்த ஆப்பிரிக்க உறுப்பு நாடுகள் நான்கே: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. இவற்றில் கடைசி நாடு, தன் மக்களில் பெரும்பான்மையினரை நிறத்தின் பெயரால் ஒடுக்கிவந்த நாடு. ஆகவே ஒரு கண்டத்தின் பெரும்பகுதிக்காகப் பேச மூன்று நாடுகளே இருந்தன. அவர் தலைவர் இருக்கையில் அமர்ந்த 1969-இல் ஆப்பிரிக்க உறுப்பினர்களின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியிருந்தது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி அவர் கண்முன்னே, அவர் பணியாற்றிய நான்காவது குழுவின் வழியாகவே நடந்தது.

நான்காவது குழு என்பது பொதுச் சபையில் காலனிகளின் விவகாரங்களைக் கவனிக்கும் குழு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பதினோரு நிலப்பகுதிகள் ஐ.நா.வின் பொறுப்பாட்சியின் கீழ் வந்தன. அவற்றில் ஏழு ஆப்பிரிக்காவில் இருந்தன: இரு டோகோலாந்துகள், இரு கேமரூன்கள், டாங்கனிகா, சோமாலிலாந்து, ருவாண்டா-உருண்டி. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம் ஆகியவை இவற்றை ஆண்டன, ஆனால் ஐ.நா.வுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். பிற காலனி மக்களுக்கு இல்லாத ஓர் உரிமை இங்கு வாழ்ந்தவர்களுக்குச் சாசனத்திலேயே இருந்தது: தங்களை ஆள்பவர்கள் மீது உலகமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள் எனப் பலரும் நியூயார்க் வந்து அந்தக் குழுவின் முன் அமர்ந்து பேசினார்கள். சிறுவயதிலிருந்தே மனுக்களையும் வாக்குமூலங்களையும் தட்டச்சு செய்து வளர்ந்த ஒருவருக்கு இந்த உலகம் அந்நியமாக இருந்திருக்காது. 1956-இல் அக்குழுவின் துணைத் தலைவராகவும், 1961-இல் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1961 ஒரு கொந்தளிப்பான ஆண்டு. பொதுச் சபை கூடவிருந்த வேளையில் பொதுச் செயலர் டாக் ஹாமர்ஷோல்ட் காங்கோ சமரச முயற்சிக்காகச் சென்றபோது விமான விபத்தில் இறந்தார். அங்கோலாவில் போர்ச்சுகலின் ஆட்சிக்கு எதிராகப் போர் மூண்டிருந்தது. காலனி ஆட்சிகள் அனைத்தும் முடிவுக்கு வரவேண்டும் என்று முந்தைய ஆண்டுதான் பொதுச் சபை அறிவித்திருந்தது.

லைபீரியாவுக்கு ஒரு தர்மசங்கடமும் இருந்தது. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1822 முதல் குடியேறி, 1847-இல் குடியரசாக அறிவித்த நாடு அது. ஆட்சியோ அந்தக் குடியேறிகளின் வழிவந்த சிறுபான்மையிடமே தேங்கியிருந்தது. பூர்வகுடி மக்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை என்பதே டப்மன் அதிபரான பிறகு, 1940-களின் நடுவில்தான் வந்தது. காலனிகளைப் பற்றித் தன்னைக் குடைந்தெடுத்த லைபீரியாவுக்குப் போர்ச்சுகல் இங்கேதான் குறிவைத்தது. 1961-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் லைபீரியா மீது கட்டாய உழைப்புப் புகாரைப் பதிவு செய்தது. உள்நோக்கம் கொண்ட புகார்தான். ஆனால் முற்றிலும் வெறும் புகார் அன்று. விசாரணைக் குழு அமைந்தது; லைபீரியா தன் சட்டங்களைத் திருத்த நேர்ந்தது. ஏஞ்சி புரூக்ஸ் உலக அரங்கில் பேசிய சுயநிர்ணய உரிமை அவர் சொந்த நாட்டில் அரைகுறையாகவே இருந்தது என்பதை அவருடைய வாழ்க்கையைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த முரணின் விளைவு பின்னாளில் அவர் வாழ்விலும் குறுக்கிட்டது.

அவருடைய பணியில் மிகக் கடினமான பகுதி 1962-இல் வந்தது. ஆப்பிரிக்காவில் எஞ்சியிருந்த கடைசிப் பொறுப்பாட்சிப் பகுதி ருவாண்டா-உருண்டி. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து பெல்ஜியத்தின் கைக்கு வந்த நிலம். டூட்சி, ஹூட்டு என்ற பிரிவினையை அடையாள அட்டையில் அச்சிட்டு இறுக்கியது பெல்ஜிய நிர்வாகம். நீண்டகாலம் டூட்சித் தலைவர்களின் வழியாக ஆண்டுவிட்டு, சுதந்திரக் கோரிக்கை எழுந்ததும் ஹூட்டுக் கட்சிகளின் பக்கம் சாய்ந்தது. 1959 நவம்பரில் ருவாண்டாவில் வன்முறை வெடித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட டூட்சி மக்கள் அடுத்த சில ஆண்டுகளில் உகாண்டாவுக்கும் டாங்கனிகாவுக்கும் காங்கோவுக்கும் புருண்டிக்கும் ஓடினார்கள். ருவாண்டாவில் முடியாட்சி ஒழிந்து குடியரசு ஏற்பட்டது. உருண்டியில், அதாவது இன்றைய புருண்டியில், முடியாட்சி நீடித்தது. அங்கு இரு பிரிவினரையும் இணைத்துச் சென்ற இளவரசர் லூயி ருவாகசோரே, பிரதமரான சில வாரங்களில், 1961 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த நிலையில்தான் 1962 பிப்ரவரியில் பொதுச் சபை ஐவர் ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் தலைமை ஏஞ்சி புரூக்ஸிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 33. ஆணையத்தின் முன் இருந்த வேலைகளைப் பட்டியலிட்டாலே மலைப்பாக இருக்கும்: பகைத்து நிற்கும் கட்சிகளைச் சமரசப்படுத்துவது, அகதிகள் திரும்ப வழி காண்பது, பெல்ஜியப் படைகள் வெளியேறுவதற்கு ஏற்பாடு செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, இரு பகுதிகளும் ஒரே நாடாகவோ, இயன்ற அளவு நெருங்கிய ஒன்றியமாகவோ சுதந்திரம் அடையச் சம்மதிக்க வைப்பது. இவ்வளவுக்கும் கிடைத்த கால அவகாசம் சில மாதங்கள்.

ஏப்ரலில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் இரு தரப்புத் தலைவர்களும் கூடினார்கள். ஒன்றுபட்ட நாடு என்ற யோசனையை இருவருமே ஏற்கவில்லை. ருவாண்டாவின் குடியரசும் புருண்டியின் முடியாட்சியும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. சுங்கமும் நாணயமும் பொதுவாக இருக்கலாம் என்ற அளவில் ஒரு பொருளாதார உடன்பாடு எட்டப்பட்டது. ருவாண்டாவில் எதிர்க்கட்சிக்கு அமைச்சரவையில் இடம் தரும் ஏற்பாடும் நடந்தது. ஆணையம் நியூயார்க் திரும்பியது. ஜூன் 27 அன்று பொதுச் சபை முடிவெடுத்தது. ஜூலை 1-ஆம் தேதி ருவாண்டா, புருண்டி என இரு நாடுகள் பிறந்தன. பெல்ஜியப் படைகள் ஆகஸ்ட் 1-க்குள் வெளியேற வேண்டும் என்று முடிவானது.

அதிகாரக் கைமாற்றம் அந்த நாளில் பெரும் ரத்தக்களரி இன்றி நிகழ்ந்தது. அந்த வேளையில் பலரும் அஞ்சியதை எண்ணினால் இது சிறிய செயலன்று. ஆனால் பொருளாதார உடன்பாடு இரண்டாண்டுகூடத் தாங்கவில்லை. 1963 டிசம்பரில் அகதிகளின் ஆயுதக் குழு ஒன்று புருண்டியிலிருந்து ருவாண்டாவுக்குள் நுழைந்தது. அதற்குப் பழிவாங்கலாக ஆயிரக்கணக்கான டூட்சி மக்கள் கொல்லப்பட்டார்கள். சமரசத்தின் அடையாளமாக இருக்க வேண்டிய எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1972-இல் புருண்டியில் ஹூட்டு மக்கள் கொல்லப்பட்டதும், 1994-இல் ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையும் உலகம் அறிந்தவை. 1994 போருக்கு முன்னணியில் நின்றவர்களில் பலர், 1960-களில் ஓடிய அகதிகளின் பிள்ளைகள்.

இதற்காக ஐவர் ஆணையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. நாற்பது ஆண்டுகளாக முடிச்சுப் போட்டவர்கள் வேறு. அதை அவிழ்க்கச் சில மாதங்கள் மட்டும் பெற்றவர்கள் இவர்கள். அகதிகள் திரும்பாமல் அமைதி இல்லை என்பது ஆணையத்துக்கு இடப்பட்ட பணியிலேயே எழுதப்பட்டிருந்தது. சுதந்திர நாள் கடந்ததும் அந்த வரியை வலியுறுத்த யாரும் அங்கே இல்லை. பொறுப்பாட்சி முடிந்தது, பொறுப்பும் முடிந்துவிட்டதாக உலகம் எடுத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு அவர் படித்த வட கரோலினாவிலேயே ஒரு நிகழ்வு. 1963 ஏப்ரலில் சொற்பொழிவு ஆற்ற ராலி நகருக்குச் சென்ற அவருக்கும் அவருடைய சகோதர உறவுப் பிள்ளை ஒருவருக்கும், கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் உணவகங்களில் உணவு மறுக்கப்பட்டது. ஒரு நாட்டின் தூதரை உணவகம் வெளியேற்றிய செய்தி உலகெங்கும் பரவியது. வாஷிங்டன் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்கத் தூதர்களை அமெரிக்கா எவ்வளவு உபசரித்தாலும், அவர்கள் பசிக்கு அமரக்கூடிய மேசை எது என்ற கேள்விக்கு விடையளிக்க அந்நாட்டுக்கு 1964-இன் குடிசார் உரிமைகள் சட்டம் தேவைப்பட்டது.

1964-இல் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற ஐ.நா. குழுவுக்கும், 1966-இல் பொறுப்பாட்சி மன்றத்துக்கும் அவர் தலைமை வகித்தார். பன்னாட்டுப் பெண் வழக்குரைஞர்கள் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். அந்த 1966-இல் அவர் நாட்டுக்குப் பெரிய ஏமாற்றம் ஒன்று காத்திருந்தது. தென்மேற்கு ஆப்பிரிக்காவை, அதாவது இன்றைய நமீபியாவை, தென்னாப்பிரிக்கா ஆளும் முறையை எதிர்த்து லைபீரியாவும் எத்தியோப்பியாவும் 1960-இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தன. ஆறு ஆண்டு வாதங்களுக்குப் பின் நீதிபதிகள் ஏழுக்கு ஏழு எனப் பிரிந்தார்கள். நீதிமன்றத் தலைவரின் கூடுதல் வாக்கால் தீர்ப்பு வந்தது: வழக்குத் தொடுக்கவே இவ்விரு நாடுகளுக்கும் உரிமை இல்லை. சட்டத்தின் கதவு அடைபட்டதும் ஆப்பிரிக்க நாடுகள் பொதுச் சபைக்குத் திரும்பின. அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் ஆட்சியுரிமை முடிந்துவிட்டதாகச் சபை அறிவித்தது. ஆனாலும் நமீபியா சுதந்திரம் பெற 1990 ஆயிற்று.

இந்த அனுபவங்களோடுதான் 1969 செப்டம்பர் 16 அன்று அவர் பொதுச் சபையின் இருபத்து நான்காவது அமர்வுக்குத் தலைமை ஏற்றார். வாழ்த்துரைகளும் நன்றியுரையுமாகக் கழிவது அந்த நாளின் மரபு. அவர் தம் ஏற்புரையில் சபையின் செல்வாக்குக் குறைந்துவருவதை வெளிப்படையாகச் சொன்னார். சொற்பொழிவுகளாலும் தூதுக் குழுக்களுக்கு இடையிலான உடன்பாடுகளாலும், ஏன், தீர்மானங்களாலும்கூட வெளியுலகின் போக்கு பெரிதாக மாறிவிடவில்லை என்று சுட்டிக்காட்டினார். தலைவர் பதவியில் அமரும் நாளிலேயே அந்த அமைப்பின் பலவீனத்தைச் சொல்லத் துணிவு வேண்டும். பதினைந்து ஆண்டுகள் தீர்மானங்களை எழுதியவர் என்பதால் அந்தச் சொல்லுக்குக் கனமும் இருந்தது.

அவருடைய அமர்வே அந்தக் கூற்றுக்குச் சான்றாகவும் அமைந்தது. நைஜீரியாவில் பயாஃப்ராப் போர் உச்சத்தில் இருந்தது. பட்டினியால் இறக்கும் குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இது ஆப்பிரிக்காவின் உள்விவகாரம், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பே கவனிக்கும் என்ற நிலைப்பாட்டால் அப்போர் பொதுச் சபையின் நிகழ்ச்சி நிரலுக்கே வரவில்லை. அதிபர் டப்மனும் இடம்பெற்றிருந்த அந்த அமைப்பின் சமரசக் குழுவால் போரை நிறுத்த முடியவில்லை. 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்த பிறகே அது ஓய்ந்தது. ஆப்பிரிக்கா ஆப்பிரிக்காவின் தலைமையில் இருந்த ஒரு சபையில், ஆப்பிரிக்காவின் ஆகப் பெரிய துயரம் பேசப்படவில்லை.

பேசப்பட்ட ஒன்று, லுசாகா அறிக்கை. தெற்கு ஆப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சிகளோடு போரைவிடப் பேச்சையே தாங்கள் விரும்புவதாகவும், விடுதலையை ஒப்புக்கொண்டால் காலவரையறையைப் பேசித் தீர்க்கலாம் என்றும், மறுத்தால் ஆயுதப் போராட்டத்தை ஆதரிப்பதைத் தவிர வழியில்லை என்றும் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை அது. நவம்பர் 20 அன்று அதைப் பொதுச் சபை வரவேற்றது. எதிர்த்து வாக்களித்தவை தென்னாப்பிரிக்காவும் போர்ச்சுகலும் மட்டுமே. நீட்டிய கையை இருவரும் பற்றவில்லை. இரண்டே ஆண்டில், 1971-இல், மொகடிஷுவில் கூடிய அதே நாடுகள் ஆயுதப் போராட்டமே வழி என்று அறிவித்தன. அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975 வரை, ஜிம்பாப்வே 1980 வரை, தென்னாப்பிரிக்கா 1994 வரை அதற்கான விலையைக் கொடுத்தன.

பின்னாளில் ஐ.நா.வில் லைபீரியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த ஏஞ்சி புரூக்ஸை, 1977-இல் அதிபர் வில்லியம் டோல்பர்ட் உச்சநீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவர். எந்த நீதிமன்றங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தனவோ, அவற்றின் தீர்ப்புகளை மாற்றும் இடத்துக்கு வந்திருந்தார். சொந்தப் பிள்ளைகள் இருவரோடு நாற்பதுக்கும் மேற்பட்ட பிறர் பிள்ளைகளைத் தம் பொறுப்பில் வளர்த்தார் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. அவரும் அப்படி வளர்ந்தவர்தாமே.

மூன்றே ஆண்டுகளில் எல்லாம் குலைந்தது. 1980 ஏப்ரல் 12 அதிகாலையில் சாமுவேல் டோ என்ற மாஸ்டர் சார்ஜென்ட்டின் தலைமையில் வீரர்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்து டோல்பர்ட்டைக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து, பழைய ஆட்சியின் பதின்மூன்று பேர் மன்ரோவியாக் கடற்கரையில் கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தலைமை நீதிபதி ஜேம்ஸ் பியர். ஏஞ்சி புரூக்ஸோடு ஒரே அமர்வில் இருந்து நீதி வழங்கியவர். பூர்வகுடி மக்களின் நெடுங்காலக் கசப்பு அந்த ராணுவப் புரட்சிக்குத் தெருவில் ஆரவாரத்தைப் பெற்றுத் தந்தது. உயிர் தப்பிய புரூக்ஸின் பொதுவாழ்வு அத்தோடு முடிந்தது. 1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2003 வரை இருமுறை மூண்டு, சுமார் இரண்டரை லட்சம் உயிர்களைக் குடித்ததாக மதிப்பிடப்படுகிறது. சிறுவர்களின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்ட போர் அது.

2003-இல் ஐ.நா. அமைதிப்படை லைபீரியாவுக்கு வந்தது. பிறர் நாடுகளின் அமைதிக்காக ஐ.நா. ஆணையத்தை வழிநடத்தியவரின் சொந்த நாடே ஐ.நா.வின் பாதுகாப்புக்குள் வந்தது. 2006 ஜனவரியில் எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபரானார். ஆப்பிரிக்காவில் மக்கள் வாக்கால் அதிபரான முதல் பெண். அடுத்த ஆண்டு ஜனவரியில் மன்ரோவியாவில் வந்திறங்கியது இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட காவல் பிரிவு. முழுக்கப் பெண்களால் ஆன ஐ.நா. காவல் பிரிவு என்பது உலகில் அதுவே முதல் முறை.

அந்த மாற்றங்களை எல்லாம் பார்க்கும் அளவுக்கு ஏஞ்சி புரூக்ஸ் வாழ்ந்தார். 2007 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் காலமானார். வயது 79. ஈராண்டு கழித்து அவர் பெயரில் ஒரு பன்னாட்டு மையம் மன்ரோவியாவில் அமைந்தது. 2011 லைபீரியத் தேர்தலின்போது அந்த மையத்தின் முயற்சியால் பெண்கள் ஓர் அறையில் தொலைபேசிகளுடன் அமர்ந்தார்கள். எந்த ஊரில் மிரட்டல், எந்த வாக்குச்சாவடியில் கைகலப்பு என்று வந்த செய்திகளைக் குறித்துக்கொண்டு, காவல் துறைக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் கட்சித் தலைவர்களுக்கும் உடனுக்குடன் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு செனகலும், 2013-இல் கென்யாவும் தங்கள் தேர்தல்களுக்கு அதே போன்ற அறைகளைத் திறந்தன.